கடைசிக் கைப்பிடி மாவு



வரும் புதன்கிழமை நம் நெற்றியில் திருநீறு பூசப்படும். அந்தப் புதனைப் பற்றி அன்று ஆலயத்தில் நிறையவே கேட்போம். இன்று அதற்கு முந்தைய நாளான செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

கத்தோலிக்க உலகின் பல வீடுகளில் அந்தச் செவ்வாயன்று எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். காலையிலேயே பிசைந்து புளிக்க விட்ட மாவு, உருண்டை உருண்டையாக எண்ணெயில் விழும். பொன்னிறமாக உப்பி மேலே வரும். சூடு ஆறுமுன்னே சர்க்கரையில் புரட்டித் தட்டில் அடுக்குவார்கள். பாட்டி, அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று வீடே அடுப்பைச் சுற்றி நிற்கும். மறுநாள் விடிந்தால் நோன்பு. முந்தின நாளில் இப்படி எண்ணெயும் சர்க்கரையுமாய் ஒரு பலகாரம்! இது என்ன முரண்பாடு என்று நமக்குத் தோன்றலாம். நாளைக்குச் சாப்பிட முடியாது என்பதற்காக இன்றைக்கே வயிற்றை நிரப்பிக்கொள்வதா? அந்தக் கேள்வியோடு இன்று நாம் ஒரு சமையலறைக்குள் நுழைவோம்.

பானையைக் காலி செய்யும் நாள்

ஒருசந்தி, சுத்தபோசனம் என்ற சொற்களை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே முழு உணவு; சுத்தபோசனம் என்றால் புலால் தவிர்த்த உணவு. இன்று திருஅவை நம்மிடம் கேட்பது மிகக் குறைவு. திருநீற்றுப் புதன், புனித வெள்ளி ஆகிய இரண்டு நாள்களில்தான் ஒருசந்தியும் சுத்தபோசனமும் சேர்ந்து கடமை. 18 வயது நிறைந்தவர்கள் 60-ஆம் வயது தொடங்கும்வரை ஒருசந்தி இருக்க வேண்டும். 14 வயது நிறைந்த எல்லாரும் சுத்தபோசனம் காக்க வேண்டும். இந்தத் தளர்வுகளுக்கு வழி திறந்தது திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் வெளியிட்ட ஒழுங்குமுறை.

அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்போ நிலைமை வேறு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் தவக்காலம் முழுவதும் இறைச்சி கிடையாது. இறைச்சி மட்டுமா? முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, பன்றிக்கொழுப்பு என்று விலங்கிலிருந்து வருகிற எதுவும் கிடையாது. அன்று வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும் இல்லை. கோழியோ தவக்காலம் வந்துவிட்டது என்று முட்டையிடாமல் இருக்கப் போவதில்லை. கூடையில் சேர்ந்த முட்டையையும், சட்டியில் உறைந்து கிடக்கும் கொழுப்பையும் நாற்பது நாள் என்ன செய்வது? கெட்டுப்போக விட்டால் அது கடவுள் தந்த உணவை வீணாக்குகிற பாவம். வீட்டிலேயே வைத்திருந்தால் அது சோதனை.

ஆகவே அந்தத் தாய்மார் ஒரு வழி கண்டார்கள். மாவு, முட்டை, பால், கொழுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்து, புளிக்கவைத்து, அதே கொழுப்பில் பொரித்தார்கள். போலந்து நாட்டில் இதற்குப் போன்ச்கி என்று பெயர். அங்கே திருநீற்றுப் புதனுக்கு முந்தைய வியாழனே இதற்கான நாள், அதைக் கொழுப்பு வியாழன் என்றே அழைக்கிறார்கள். ஜெர்மனியின் தென்பகுதியிலும் ஆஸ்திரியாவிலும் இது கிராப்ஃபன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் வழித்தோன்றல்கள் இதை ஃபாஸ்நாக்ட் என்கிறார்கள். அந்தச் சொல்லின் பொருளே நோன்புக்கு முந்தைய இரவு என்பதுதான். போர்த்துக்கீசியர் இதை மலசாதா என்பார்கள்.

அன்பர்களே, இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பலகாரத்துக்காக யாரும் கடைக்குப் போய் மூட்டை மூட்டையாகச் சாமான் வாங்கவில்லை. இருந்ததைக் காலி செய்தார்கள். கொண்டாட்டம் போலத் தெரிகிற அந்த வேலை, உண்மையில் நோன்பின் முதல் வேலை. பானை காலியானால்தான் நோன்புக்கு வீடு தயார்.

கடல் கடந்த மாவு

மலசாதாவின் கதையை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம். போர்த்துக்கீசியர் நமக்கு அந்நியர் அல்லர். மேசை, ஜன்னல், சாவி, அலமாரி என்று நாம் தினமும் புழங்கும் சொற்கள் அவர்களிடமிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்து வீடுகளில் பாண் என்கிறார்களே, அதுவும் அவர்கள் தந்த சொல்தான். அந்த நாட்டுக்குச் சொந்தமான மதெய்ரா, அசோர்ஸ் தீவுகள் அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கின்றன. அங்கே தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயன்று மலசாதா பொரிப்பது வழக்கம். மதெய்ராவில் கரும்புப் பாகு ஊற்றிச் சாப்பிடுவார்கள். மலசாதா என்றால் சரியாக வேகாதது என்று பொருள். உள்ளே அவ்வளவு மென்மையாக இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள்.

1878-ஆம் ஆண்டு மதெய்ராவிலிருந்து பிரிசில்லா என்ற கப்பல் புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு ஒப்பந்தமானவர்கள். மாதக்கணக்கில் கடலில் கழித்து, செப்டம்பர் 30 அன்று ஹொனலுலு துறைமுகத்தில் இறங்கினார்கள். ஹவாய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் தொழுநோயாளர்களுக்காகத் தம்மையே கொடுத்த புனித தமியான். அந்தக் கப்பல் வந்து சேர்ந்தபோது அவர் அதே தீவுக்கூட்டத்தின் மொலக்காய் தீவில் ஆறாவது ஆண்டாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் மதெய்ராவிலிருந்தும் அசோர்ஸிலிருந்தும் 10,000-க்கும் மேற்பட்டோர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

தோட்டக்காட்டு வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை நாம் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நம் மக்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் பிஜிக்கும் போன கதை நம் குடும்பங்களில் இன்னும் பேசப்படுகிறது. ஹவாயிலும் போர்த்துக்கீசியர், சீனர், ஜப்பானியர், பிலிப்பைன்ஸ்காரர் என்று இனவாரியாகக் குடியிருப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன. கூலியும் இனத்துக்கு இனம் வேறுபட்டது. ஒருவரோடு ஒருவர் சேராமல் இருப்பதே முதலாளிகளுக்கு வசதி.

அந்தப் பெண்கள் தங்கள் குடியிருப்பில் கல்லையும் செங்கலையும் வைத்து ரொட்டி சுடும் அடுப்புகள் கட்டிக்கொண்டார்கள். தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய் வந்தபோது, ஊரில் செய்தது போலவே, வீட்டிலிருந்த கொழுப்பையும் சர்க்கரையையும் தீர்ப்பதற்காக மலசாதா பொரித்தார்கள். பொரித்ததை வேலி தாண்டி அடுத்த குடியிருப்புக்கும் கொடுத்தார்கள். நோன்பு என்றால் என்னவென்று அறியாத சீனரும் ஜப்பானியரும் அந்தச் செவ்வாயன்று மலசாதாவுக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள். தோட்டத்து நிர்வாகம் போட்ட வேலியை ஒரு தட்டுப் பலகாரம் தாண்டியது.

1952-இல் அந்தக் குடியேறிகளின் பேரன் லெனர்ட் ரேகோ என்பவர் ஹொனலுலுவில் ஒரு பேக்கரி தொடங்கினார். அடுத்த ஆண்டு அந்தச் செவ்வாய்க்கு மலசாதா செய்து விற்கலாமே என்று சொன்னவர் அவருடைய தாய். இன்று அந்தக் கடையில் வருடம் முழுவதும் மலசாதா கிடைக்கிறது. ஹவாய் மக்கள் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாளை மலசாதா நாள் என்றே அழைக்கிறார்கள். ஒரு தாயின் யோசனை ஒரு மாநிலத்தின் வழக்கமாகிவிட்டது.

பிசைந்து பார்ப்போம்

சரி, இதை வீட்டில் எப்படிச் செய்வது? அதையும் சொல்லிவிடுவோம்.

மைதா மாவு 400 கிராம், முட்டை 3, சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 25 கிராம், பால் 150 மில்லி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றோடு கடையில் கிடைக்கும் உலர்ந்த ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. இது ஐந்தாறு பேருக்குப் போதும், அடுத்த வீட்டுக்கும் ஒரு தட்டு கொடுக்கலாம்.

முதலில் கால் குவளை வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். நீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். ஈஸ்ட் என்பது உயிருள்ள பொருள். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை வகை. கொதிக்கும் நீரை ஊற்றினால் செத்துப்போகும். நீர்மேல் நுரை கட்டினால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நுரை வராவிட்டால் மேற்கொண்டு மாவை வீணாக்காமல் புது ஈஸ்ட் வாங்குங்கள்.

பிறகு மாவு, உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு அடித்த முட்டை, வெதுவெதுப்பான பால், உருக்கிய வெண்ணெய், ஈஸ்ட் கரைசல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையுங்கள். மாவு கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு போட்டால் பலகாரம் கட்டியாகிவிடும். பத்து நிமிடம் விடாமல் இழுத்து இழுத்துப் பிசைந்தால் இழுவை வரும். பிறகு ஈரத்துணியால் மூடி வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்திலேயே இரு மடங்காகப் பொங்கிவிடும். இட்லி மாவு பொங்கி வழிவதைப் பார்த்துப் பழகிய நம் தாய்மாருக்கு இது புதிதல்ல. ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று காற்றை வெளிவிடுகிறது. பிசைந்த மாவின் இழுவை அந்தக் காற்றைச் சிறைப்பிடித்து வைக்கிறது. மாவு உப்புவது அதனால்தான்.

வாணலியில் மூன்று விரல் ஆழத்துக்கு எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் காயவையுங்கள். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் பார்த்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் ஒரு சுண்டைக்காய் அளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அது சட்டென்று கருகாமல், அடியில் கிடக்காமல், குமிழியிட்டு எழுந்து வர வேண்டும். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு எலுமிச்சை அளவு மாவை எடுத்து, நடுவில் சற்று மெல்லிதாக இழுத்துப் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம். கண் கரண்டியால் எடுத்து வடித்து, சூடாகவே சர்க்கரையில் புரட்டுங்கள்.

அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே சிவந்து உள்ளே மாவாகவே இருக்கும். சோம்பி எண்ணெய் காயுமுன்னே போட்டால் எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போகும். இதை ஏட்டில் படித்துக் கற்பது கடினம். பாட்டியின் பக்கத்தில் நின்று, அவர் எண்ணெயைப் பார்க்கும் கண்ணைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். சிறு பிள்ளைகளைக் கொதிக்கும் எண்ணெய் அருகே விட வேண்டாம். ஆனால் பிசைய விடுங்கள், சர்க்கரையில் புரட்ட விடுங்கள். மாவு பொங்கிவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்த்தால் திட்டாதீர்கள். காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். தவக்காலம் என்பதே காத்திருத்தல்தானே!

மூன்று மரக்கால்

விண்ணரசை இயேசு எதற்கு ஒப்பிட்டார்? அரண்மனைக்கும் படைக்கும் ஒப்பிடவில்லை. மாவு பிசையும் ஒரு பெண்ணின் கையிலிருந்த புளிப்பு மாவுக்கு ஒப்பிட்டார். மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் அந்த உவமை வருகிறது. அந்தப் பெண் பிசைந்தது மூன்று மரக்கால் மாவு. விவிலிய அறிஞர்கள் அதை இன்றைய அளவில் நாற்பது லிட்டர் கொள்ளளவுக்கு நெருக்கமாகக் கணக்கிடுகிறார்கள். எந்த வீட்டில் நாற்பது லிட்டர் மாவு பிசைவார்கள்? அது ஒரு குடும்பத்துக்கான சமையல் இல்லை. ஊருக்கே போடுகிற பந்தி. இறையாட்சி தன் வீட்டு அளவுக்குள் அடங்காது என்பதை அந்த மூன்று மரக்கால் நமக்குச் சொல்கிறது.

அதே விவிலியம் இன்னொரு பெண்ணையும் நமக்குக் காட்டுகிறது. அவரிடம் மூன்று மரக்கால் இல்லை; பானையில் கையளவு மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும்தான் இருந்தன. அரசர்கள் முதல் நூல் 17-ஆம் அதிகாரத்தில் வரும் சாரிபாத்துக் கைம்பெண்ணைத்தான் சொல்கிறோம். நாட்டில் பஞ்சம். விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறார். தமக்கும் தம் மகனுக்கும் கடைசியாக ஒரு முறை சமைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சாக வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டார். அந்த நேரத்தில் வேற்று நாட்டவரான எலியா வந்து, முதலில் எனக்கு ஒரு சிறு அப்பம் செய்து கொடும் என்று கேட்கிறார். நம்மிடம் யாராவது அப்படிக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அந்தத் தாய் கொடுத்தார். அதன்பின் பஞ்சம் தீரும்வரை அந்தப் பானையில் மாவும் குறையவில்லை, கலயத்தில் எண்ணெயும் வற்றவில்லை.

மாவும் எண்ணெயும்! நம் செவ்வாய்க்கிழமைப் பலகாரத்துக்கும் அவைதான். அந்தக் கைம்பெண்ணின் பானையில் இருந்த கடைசிக் கைப்பிடி மாவு, அவர் அதை இறுக்கிப் பிடித்திருந்தால் ஒரு வேளைக்குத்தான் வந்திருக்கும்.

நம் வீட்டுப் பானை

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். நோன்புக்கு முந்தைய நாள் பலகாரம் வெறும் வயிற்றுக்காகவா? அப்படியும் ஆகிவிடலாம். அது ஆனதும் உண்டு. தவக்காலத்துக்கு முந்தைய நாள்களில் குடியும் கூத்தும் மிகுந்தபோது, அதற்குப் பரிகாரமாக நாற்பது மணி நேர ஆராதனை நடத்தும் பழக்கத்தை இயேசு சபையினர் பரப்பினார்கள். ஆங்கிலத்தில் அந்த நாளுக்கு வழங்கும் பெயரோ பாவசங்கீர்த்தனம் செய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முன்னோர்கள் அன்று பானையையும் காலி செய்தார்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில் உள்ளத்தையும் காலி செய்தார்கள். காலையில் பாவசங்கீர்த்தனத் தொட்டி, மாலையில் எண்ணெய்ச் சட்டி. நாம் எண்ணெய்ச் சட்டியை மட்டும் வைத்துக்கொண்டோம் என்றால் பாதி மரபைத்தான் வைத்துக்கொண்டோம்.

நம் வீடுகளைப் பார்ப்போமே. திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாள் நாம் என்ன செய்கிறோம்? நாளைக்கு முடியாதே என்று இன்று கூடுதலாக ஒரு கிலோ கறி வாங்குகிறோமா? அப்படியானால் நோன்பு தொடங்குமுன் நாம் நிரப்புகிறோம். நம் முன்னோர் நோன்பு தொடங்குமுன் காலி செய்தார்கள். குளிர்சாதனப் பெட்டி வந்தபின் எதையும் தீர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. எல்லாம் நாற்பது நாளும் கெடாமல் காத்திருக்கும். உயிர்ப்பு ஞாயிறன்று எடுத்துக்கொள்ளலாம். நோன்பு நம் தட்டைத் தொடுகிறது, அலமாரியைத் தொடுவதில்லை.

அதே நேரத்தில் நம் பங்கிலேயே, நம் அன்பியத்திலேயே, காலி செய்ய எதுவும் இல்லாத வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு ஒருசந்தி என்பது விரும்பி ஏற்பதல்ல, மாதக் கடைசியில் தானாக வருவது. பசித்தோரோடு உணவைப் பகிர்வதே தமக்கு உகந்த நோன்பு என்று ஆண்டவர் எசாயா வழியாகச் சொன்னது இந்த வீடுகளை மனத்தில் வைத்துத்தான்.

எனவே வரும் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று காரியங்களைச் சொல்லி முடிப்போம்.

அன்று மாலை தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, குடும்பமாகச் சமையலறையில் கூடுவோம். மலசாதாதான் செய்ய வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருப்பதைக் கொண்டு எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்வோம். ஏன் செய்கிறோம் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். மறைக்கல்வி வகுப்பில் கேட்டதை மறந்துவிடலாம். மாவு ஒட்டிய கையோடு கேட்டதை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது, சட்டியிலிருந்து எடுக்கும் முதல் தட்டு வெளியே போகட்டும். எலியாவுக்குப் போனதும் முதல் அப்பம்தான். மீந்ததைக் கொடுப்பது எளிது. முதலில் கொடுப்பதுதான் நோன்பு. அடுத்த வீட்டார் என்ன மதம், என்ன சாதி, போன வருடம் நம்மோடு பேச்சு வார்த்தை உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டாம். பேச்சு இல்லாத வீட்டுக்கே முதல் தட்டு போனால் இன்னும் நல்லது. ஹவாய்த் தோட்டத்தில் வேலி தாண்டிய பலகாரத்துக்கு நம் தெருவைத் தாண்டத் தெரியாதா?

மூன்றாவது, அன்று அல்லது அதற்கு முன்பாக ஒப்புரவு அருட்சாதனம் பெறுவோம். பழைய கோபம், பழைய கணக்கு இவற்றையெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததுபோல் நாற்பது நாள் பத்திரப்படுத்தி, உயிர்ப்பு ஞாயிறன்று திரும்ப எடுத்துச் சூடுபடுத்த வேண்டாம்.

புதன்கிழமை காலை எழுந்து அடுக்களைக்குப் போனால் எண்ணெய் வாசம் இன்னும் லேசாக இருக்கும். பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். மாவு டப்பா காலியாக இருக்கும். அந்தக் காலி டப்பாவோடு நாம் திருநீறு பெறப் புறப்படுவோம். நிரப்புகிறவர் ஆண்டவர்.

சாரிபாத்துக் கைம்பெண்ணின் பானையைக் குறையாமல் காத்த இறைவன், நம் இல்லங்களையும் கொடுக்கக் கொடுக்கக் குறையாத இல்லங்களாக ஆக்குவாராக. ஆமென்.